சக்கரம் திறந்த சாலைகள்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் டெர்பிஷயர் என்றொரு மாவட்டம். வானை முட்டும் மலைகள் அங்கில்லை. கடலெனப் பெருகும் ஆறுகளும் இல்லை. டெர்வென்ட், வை, டவ், மானிஃபோல்ட் என நான்கு சிற்றாறுகள், அம்மாவட்டத்திலும் அதன் மேற்கெல்லையிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. அவற்றையொட்டி ஆஷ்போர்ன், மாட்லாக், பேக்வெல், பக்ஸ்டன் எனச் சிறு நகரங்கள். மானிஃபோல்ட் ஆறு கோடையில் நிலத்துக்குள் புகுந்து மறைந்துவிடும். சில மைல்களுக்கு அப்பால் மீண்டும் தலைகாட்டும். மாயமில்லை, மந்திரமில்லை, சுண்ணாம்புக் கல்லில் உள்ள பிளவுகளே காரணம்.

இன்று அங்கு செல்பவர் ஆஷ்போர்னில் மிதிவண்டியொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, டிஸ்ஸிங்டன் பாதையில் 13 மைல் ஏறி, பார்ஸ்லி ஹே எனும் இடத்தை அடையலாம். அங்கிருந்து கிராம்ஃபோர்டை நோக்கி ஹை பீக் பாதை செல்கிறது. வை ஆற்றின் பள்ளத்தாக்கில் எட்டரை மைல் நீளமுள்ள மான்சல் பாதை. மோட்டாரின் உறுமல் இல்லை, புகை இல்லை. இயற்கை அன்னையின் கொடை என்று சுற்றுலா ஏடுகள் பாடுகின்றன. ஆற்றை இயற்கை தந்தது, குன்றை இயற்கை தந்தது, மெய்தான். ஆனால் வழியை யார் தந்தது? யார் செல்லலாம், எந்த நாளில் செல்லலாம், எந்த உடையில் செல்லலாம், எந்த வேலியோடு நின்றுவிட வேண்டும் என்றெல்லாம் விதித்தவர்கள் இருந்தனர். அந்த விதிகள் ஒவ்வொன்றாகத் தகர்ந்த கதையை அப்பாதைகளின் ஓரத்தில் நிற்கும் வழிகாட்டிப் பலகைகள் சொல்வதில்லை.

கிராம்ஃபோர்டிலிருந்து தொடங்குவோம். டெர்வென்ட் பள்ளத்தாக்கிலுள்ள அச்சிற்றூரில்தான் 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் நீராற்றலால் இயங்கும் பஞ்சு நூற்பாலையை நிறுவினார். பன்னிரண்டு மணி நேர முறை. இரவும் பகலும் ஓயாத ஓட்டம். பணியாளருள் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். இன்று அப்பள்ளத்தாக்கு ஆலைகளை உலகப் பாரம்பரியச் சின்னமென யுனெஸ்கோ 2001இல் அறிவித்துப் போற்றுகிறது. போற்றட்டும். அங்கே தோன்றிய ஆலைமுறை பரவியதன் விளைவாக, நூறாண்டுக்குள் டெர்பிஷயர் குன்றுகளைச் சுற்றி மான்செஸ்டரும் ஷெஃபீல்டும் புகைக்கோட்டைகளாக எழுந்தன. ஆலைவாயிலில் நின்று பார்த்தால் குன்று தெரியும். குன்றை அடைய ரயிலுக்குக் காசு வேண்டும். நடந்து செல்லவோ நாள் போதாது.

அந்த இடைவெளியைக் குறைத்தது ஓர் எளிய கருவி. ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் கவென்ட்ரி நகரில், ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட மிதிவண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அதே 1888இல் இயற்றப்பட்ட உள்ளாட்சிச் சட்டம், மிதிவண்டியும் ஒரு வண்டியே எனக் கூறிற்று. சிறு வரிதான், ஆனால் அந்த வரியால், கோமானின் கோச்சு வண்டி செல்லும் சாலையில் மிதிவண்டிக்கும் உரிமை பிறந்தது. தொடக்கத்தில் அது செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளே. விலை இறங்க இறங்க, பழைய வண்டிகள் கைமாற மாற, தவணை முறை வர வர, தொழிலாளியின் கைக்கும் அது எட்டிற்று.

வண்டி கிடைத்தது, எதற்காக ஓட்டுவது? 1894 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் நகரில், தொழிலாளர் திருச்சபைக் கூட்டமொன்றுக்கு வந்திருந்த ஆறு இளைஞர்கள் இதற்கு விடை கண்டனர். பொதுவுடைமைக் கொள்கையாளருக்கென ஒரு மிதிவண்டிக் கழகம்! ‘கிளாரியன்’ என்று அதற்குப் பெயரிட்டனர். எக்காளம் என்பது பொருள். ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு 1891இல் மான்செஸ்டரில் தொடங்கிய கிழமை ஏட்டின் பெயரே அது. மதத்தைக் கேள்விக்குள்ளாக்கி 1903இல் ‘கடவுளும் என் அண்டை வீட்டானும்’ எனும் நூலை வெளியிட்டவரும் அவரே. (அதே மனிதர் போயர் போரையும் முதல் உலகப் போரையும் ஆதரித்து எழுதினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தலைவர் வழுக்கிய இடத்தில் தொண்டரெல்லாம் வழுக்கவில்லை. பலர் அவரை விட்டு விலகினர்.)

1895 ஈஸ்டர் விடுமுறையில், பல ஊர்க் கிளாரியன் கழகத்தார் ஆஷ்போர்னில் கூடித் தேசியக் கழகம் அமைத்தனர். ஞாயிறுதோறும் ஊர்ப்புறச் சாலைகளில் புறப்படுவர்; ஏட்டையும் துண்டறிக்கைகளையும் சிற்றூர்களில் வழங்குவர்; சந்தைத் திடலில் ஒருவர் பேச மற்றவர் சூழ்ந்து நிற்பர். எதிரே வரும் கிளாரியன் தோழரைக் கண்டால் “பூட்ஸ்!” என்று கூவுவர், அவர் “ஸ்பர்ஸ்!” என்று மறுமொழி தருவார். ஒன்று சவாரிக்காரரின் காலணி. மற்றொன்று குதிரையை விரட்டும் குதிமுள். குதிரையேதும் இல்லாதவர்கள் குதிரைவீரரின் அணிகளை விளையாட்டாக எடுத்துக்கொண்டதில் ஒரு குறும்பு இருக்கத்தான் செய்கிறது!

ஞாயிற்றுக்கிழமையா? ஓய்வுநாளின் புனிதம் என்னாவது என்று சீறினர் வைதிகர். தொழிலாளிக்கு வாரத்தில் முழு ஓய்வு அந்த ஒரு நாள்தான். ஆறு நாளை ஆலைமுதலாளி எடுத்துக்கொண்டார். ஏழாவது நாளைத் தேவாலயம் கேட்டது. உழைப்பவனுக்கென எந்த நாள்? இக்கேள்விக்கு அவர்கள் வாதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டனர்.

பெண்கள் ஏறியபோது எதிர்ப்பு மருத்துவ வேடம் பூண்டது. மிதிவண்டி ஓட்டும் பெண்ணின் முகம் விகாரமாகிவிடும் என்றும், அந்நோய்க்கு ‘மிதிவண்டி முகம்’ என்று பெயர் என்றும் 1890களில் கற்றறிந்த மருத்துவர்களே எழுதினர். மடமைக்குப் பட்டம் தடையல்ல என்பதற்கு வேறு சான்றும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்று 1897இல் வாக்கெடுப்பு நடந்த நாளில், ஆண் மாணவர்கள் வீதியில் ஒரு கொடும்பாவியைக் கட்டித் தொங்கவிட்டனர். அது மிதிவண்டி மீதமர்ந்த ஒரு பெண்ணின் உருவம்! படித்த பெண், வண்டி ஓட்டும் பெண் ஆகிய இரு அச்சங்களும் அவர்கள் மனத்தில் ஒன்றாகிவிட்டன. அங்கே பெண்கள் முழுப்பட்டம் பெற 1948 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் வாக்கெடுப்புக்கு முந்தைய ஆண்டே, மான்செஸ்டர் கிளாரியன் கழகத்தில் பதின்ம வயதுச் சகோதரியர் இருவர் சேர்ந்து ஊர்ப்புறச் சாலைகளில் வண்டி ஓட்டத் தொடங்கியிருந்தனர். கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்ட், சில்வியா பாங்கர்ஸ்ட் என்பன அவர்தம் பெயர்கள். பெண்கள் வாக்குரிமைப் போரில் பின்னாளில் சிறை கண்டவர்கள் அவர்களே.

சாலை வசப்பட்டது. சாலையின் ஓரத்தில் வேலி நின்றது. வேலிக்கு அப்பால் மலை. ஹேஃபீல்ட் எனும் சிற்றூருக்கு மேலே உள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம், டெவன்ஷயர் கோமகனுக்குச் சொந்தம். ஆண்டில் சில நாட்கள் பறவை வேட்டையாடுவதற்காக, ஆண்டு முழுதும் அங்கே காவலர் தடியுடன் திரிந்தனர். 1932 ஏப்ரல் 24ஆம் நாள், ஒரு ஞாயிறு, அம்மலையில் தடையை மீறி ஏறுவதென இளைஞர்கள் முடிவு செய்தனர். முன்னின்றவர் பென்னி ராத்மன். வயது இருபது, தொழில் இயந்திரப் பணி, கிளாரியன் கழகத்தவர். நீதிமன்றத் தடையாணையுடன் மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் போலீசார் காத்து நின்றனர். அவர் ரயிலேறவில்லை. மிதிவண்டியில் ஹேஃபீல்ட் போய்ச் சேர்ந்தார்! கல்லெடுத்த பள்ளமொன்றில் பாறைமேல் நின்று பேசினார். சில நூறு பேர் மலையேறினர். காவலருடன் கைகலப்பு நிகழ்ந்தது.

வழக்கு டெர்பி நகரில் நடந்தது. குற்றச்சாட்டை ஆராய அமர்ந்த பெருஞ்சான்றாயத்தில் படைத்தளபதிகளும் நிலவுடைமைச் சீமான்களும் நிறைந்திருந்தனர். வேட்டைக்காட்டின் வேலியைப் பற்றி வேட்டைக்காரரிடமே தீர்ப்புக் கேட்பது போலிருந்தது அது. ஐவருக்குச் சிறை; இரண்டு திங்கள் முதல் ஆறு திங்கள் வரை. ராத்மனுக்கு நான்கு. ஆனால் தண்டனையின் கடுமையே நாட்டை அவர்கள் பக்கம் திருப்பிற்று. தேசியப் பூங்காச் சட்டம் 1949இல் வந்தது. முதற் பூங்காவாக 1951இல் அறிவிக்கப்பட்டது இதே குன்றுப்பகுதி. எழுபதாம் ஆண்டு நினைவு விழாவில், 2002 ஏப்ரலில், அன்றைய டெவன்ஷயர் கோமகன் மேடையேறித் தம் பாட்டனார் செயலுக்காக மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதற்குச் சில திங்கள் முன்னர், அதே ஆண்டு ஜனவரியில் மறைந்திருந்தார்.

தடை விதித்தவர் எல்லாம் சீமான்கள் என்றும் எண்ண வேண்டாம். பொதுச்சாலையில் கூட்டாகப் பந்தயம் ஓட்டினால் போலீசார் சினப்பர், உள்ள உரிமையும் போகும் என்று அஞ்சி, மிதிவண்டி ஓட்டுவோரின் தேசியச் சங்கமே அதைத் தடுத்துவைத்தது. 1942 ஜூனில் பெர்சி ஸ்டால்லர்டு என்பார் லாங்கொலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டனுக்குப் பந்தயம் நடத்திக் காட்டினார். ஓட்டியவர்களையும் அவரையும் சங்கம் விலக்கிற்று. விலக்கப்பட்டோரும் அவர்தம் துணைவரும் அவ்வாண்டு நவம்பரில் டெர்பிஷயரின் பக்ஸ்டனில் கூடித் தனியமைப்புக் கண்டனர். 1959இல் இரு அமைப்புகளும் இணைந்தன; சாலைப் பந்தயம் நிலைத்தது.

இனி அந்த அமைதியான பாதைகள். அவை யாவும் கைவிடப்பட்ட ரயில் பாதைகளே. 1904இல் திறந்த மானிஃபோல்ட் சிற்றகல ரயிலை வடிவமைத்தவர் எவரார்டு கால்த்ராப். நம் நாட்டில், இன்றைய மராட்டிய மாநிலத்தின் பார்சி எனும் ஊரில் 2 அடி 6 அங்குல அகல ரயில் பாதையை முன்னரே போட்டு முடித்தவர். அங்கே கற்றதை ஆங்கில ஆற்றோரத்தில் பயன்படுத்தினார். பெரும்பாலும் பால் ஏற்றிச் சென்ற அந்த ரயில் 1934இல் நின்றது. 1937இல் தண்டவாளமின்றி வழியாயிற்று. டிஸ்ஸிங்டன் பாதை 1971இல் திறந்தது. மான்சல் பாதையின் குகைவழிகளில் மக்கள் செல்ல 2011 வரை காத்திருந்தனர்.

இதற்கிடையே இன்னொரு வேடிக்கை. குதிரைவழிகள் எனப்படும் பழைய ஊர்ப்புறப் பாதைகளில் குதிரை போகலாம், மிதிவண்டிக்கு உரிமையில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டம்தான், நடப்போருக்கும் குதிரையேறியோருக்கும் வழிவிட்டுச் செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு, மிதிவண்டிக்கு அவ்வழிகளைத் திறந்தது.

ஹேஃபீல்டுக்குச் சென்ற ரயில், போலீசார் ராத்மனை எதிர்பார்த்து நின்ற அதே ரயில், 1970இல் நிறுத்தப்பட்டது. தண்டவாளம் பெயர்க்கப்பட்ட அந்தத் தடத்தில் ஹேஃபீல்டிலிருந்து நியூ மில்ஸ் வரை இரண்டரை மைலுக்குப் பாதை அமைந்திருக்கிறது. இன்று அதில் மிதிவண்டிகள் செல்கின்றன.