நாவலர் பெருமானைப் போற்றலும் பழித்தலும்



கார்த்திகைத் திங்கள் மக நாள், யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் சிவபதம் அடைந்த நாள். 1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆம் நாளாகிய அது வெள்ளிக்கிழமையாய் அமைந்தது. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31ஆம் நாள் அவர் முதற் பிரசங்கத்தைத் தொடங்கியதும் வெள்ளிக்கிழமையே. அன்று தொடங்கிய பிரசங்க மரபிலே வந்தவர்களுள் யாமும் ஒருவர். பால பாடத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டினோம். சைவ வினாவிடையை மனப்பாடம் செய்தோம். பெரியபுராண வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேடையேறினோம். ஆதலால் அவரைப் புகழ்தல் எமக்கு எளிது. பல ஆண்டுகள் அவ்வாறு புகழ்ந்தே வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்த் திருவிழாவில் நாவலர் சரித்திரத்தைச் சொல்லி முடித்து இறங்கினோம். திருநீறு துலங்கும் நெற்றியோடு இளைஞர் ஒருவர் அருகில் வந்து வணங்கினார். “ஐயா, அவருடைய பாடசாலையிலே என் பாட்டனாரின் பாட்டனாருக்கு உட்கார இடம் கிடைத்திருக்குமா?” என்று வினவினார். குரலிலே பகையில்லை, அறியும் விருப்பமே இருந்தது. அவர் எக்குலத்தில் வந்தவர் என்பது வினாவிலேயே விளங்கிற்று. ஆம் என்று சொல்ல எமக்கு வாய் எழவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் துணியவில்லை. நேரமாயிற்று என்று ஏதோ சொல்லிப் புறப்பட்டோம். அதனை இன்று நினைப்பினும் நாணமே உண்டாகிறது.

அவ்வினாவுக்கு உரிய விடையைச் சொல்வதற்கு முன் அப்பெருமானுடைய ஒழுக்கத்தின் வலிமையை உள்ளவாறு எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1822இல் நல்லூரிற் பிறந்த அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியருமாகி, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கிய பணிக்குத் துணை நின்றார். அத்தொழிலிலேயே இருந்திருப்பின் சம்பளமும் உயர்ந்திருக்கும், மதிப்பும் வளர்ந்திருக்கும். 1848இல் அதனைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். விவாகம் செய்துகொள்ளவில்லை. தமக்கென்று பொருள் சேர்க்கவில்லை. பாடசாலைச் செலவுக்குச் சைவர் வீடுகளில் பிடியரிசி திரட்டப்பட்டது. அச்சியந்திரம் நிறுவிப் பாடநூலும் புராணமும் அச்சிட்டார். திருவாவடுதுறை ஆதீனம் 1849இல் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கியது. சைவர்களைப் பழித்தவர்களுக்கு விடையாக 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது, விவிலியப் பணியிற் பெற்ற அறிவே அவருக்கு ஆயுதமாயிற்று. எருசலேம் ஆலயத்திலும் தூபமும் தீபமும் நிவேதனமும் இருந்தனவே என்று எடுத்துக்காட்டினார். சிதம்பரத்திலும் 1864இல் வித்தியாசாலை கண்டார்.

பிற மதத்தாரைக் கண்டித்தல் அத்துணை அரிதன்று. தம்மவரைக் கண்டித்தலே அரிது. நாவலர் அதனை அஞ்சாது செய்தார். தாம் பிறந்த ஊராகிய நல்லூரின் கந்தசுவாமி கோயில் ஆகம விதிப்படி அமையவில்லை என்றார். கோயில்களில் ஆட்டை வெட்டிப் பலியிடுதலையும், உற்சவங்களில் பொதுமகளிர் ஆடலையும் கடிந்தெழுதினார். 1872இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாணச் சமயநிலை’யில் சைவர்களுடைய சோம்பலையே பெரிதும் சாடினார். பகை மிகுந்தது; அவர் பின்வாங்கவில்லை. 1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தில் மழை பொய்த்துப் பஞ்சமும் பேதி நோயும் வாட்டியபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். அக்காலத்து அரசாங்க ஏசண்டாகிய துவைனம் துரையின் ஆட்சியைக் குறைகூறி வெளிப்படையாக எழுதினார். ஏசண்டு துரையைக் கண்டாற் பெரியவர்களும் எழுந்து ஒதுங்கிய காலம் அது.

கைக்கூலி இல்லை, இச்சகம் இல்லை, அச்சம் இல்லை. இத்தகையவர் சொன்னால் ஊர் கேட்கும். நாவலர் சொன்னார் என்பதே யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் பிரமாணமாயிற்று. சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய பேரறிஞர்கள், அவர் பிறவாதிருந்தால் தமிழும் சைவமும் என்னவாகியிருக்கும் என்று ஏங்கிப் போற்றியதில் மிகையொன்றுமில்லை.

இனிப் பழிப்புரைகளைக் காண்போம். வடலூர் இராமலிங்க அடிகளோடு நேர்ந்த பிணக்கே பலரும் முதலிற் கூறுவது. அடிகளுடைய பாடல்களை 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பா என்னும் பெயரால், திருமுறை என்றே பகுத்து அச்சிட்டார். தேவார திருவாசகங்களுக்கே உரிய பெயரை இக்காலத்தவர் பாட்டுக்கு இடுதல் தகாது என்பது நாவலர் பக்கம். கண்டன நூல்கள் எழுந்தன. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையிலும் வழக்குச் சென்றது. அங்கு நடந்ததாக எத்தனை மேடைகளில் எத்தனை விதமான கதைகளைக் கேட்டிருக்கிறோம்! ஒவ்வொரு கதையிலும் கதை சொல்பவருடைய கட்சியே வெல்லும். பெயர் பற்றிய வாதத்தில் நாவலர் பக்கம் நியாயம் உண்டு என்பதே இன்றும் எமது கருத்து. ஆயினும் அவ்வாதம் நடந்த மொழி சிவனடியார் நாவிற்கு ஏற்றதன்று; இரு திறத்தாரும் வரம்பு கடந்தனர். இருவரும் மறைந்த பின்னும், 1903ஆம் ஆண்டளவிலே கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் எதிரெதிர் நின்று மீண்டும் அதே போரை நடத்தினர். வடலூரிலே அணையா அடுப்பு மூட்டியவரும், வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டி வைத்தவரும் பசி என்னும் ஒன்றையே பகைவனாய்க் கண்டவர்கள். அதனை இரு கட்சியாரும் மறந்தனர்.

இப்பிணக்கு ஒருவாறு தணிந்துவிட்டது. தணியாதது மற்றொன்று. அவ்விளைஞர் வினவியதும் அதுவே. நாவலர் தம் நூல்களில் சாதியாசாரத்தைச் சைவாசாரத்தோடு பிணைத்தே எழுதினார். சிறுவர் பாட நூலிலும் சமய வினாவிடையிலும் அப்பிணைப்பு உண்டு. அக்காலத்து உயர்குலத்தார் பலருடைய கருத்தும் அதுதானே என்று சமாதானம் கூறுவர். யாமும் கூறியதுண்டு. அந்தச் சமாதானம் நில்லாது. காலத்தோடு ஒத்து ஓடாமல், ஏசண்டு துரையையும் கோயில் அதிகாரிகளையும் எதிர்த்து நின்றாரென்றுதானே அவரைப் புகழ்கின்றோம்? அங்கே காலத்தை வென்றவரை இங்கே மட்டும் காலத்தின் கைதியென்று சொல்லித் தப்பித்தல் நேர்மையன்று.

மேலும் ஒன்று. ஒழுக்கங் கெட்ட ஒருவர் சாதி வேற்றுமை பேசினால் கேட்போர் ஐயுறுவர். தூயவர் பேசினால் ஐயமும் தூங்கிவிடும். நாவலருடைய நிறைகுணமே அவருடைய குறைக்கும் காவலாயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சைவச் சிறுவர்கள் திருநீறு இடுதலையும் தீண்டாமையையும் ஒரே புத்தகத்தில், ஒரே மூச்சிற் கற்றனர். இலங்கையில் 1957இலேயே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, முருகனை வழிபட வந்த சைவர்களைச் சைவர்களே மறித்து நின்றனர். மறித்தவர்கள் மரபு என்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1969இல், நாவலருக்குச் சிலை வடித்துக் கொழும்பிலிருந்து ஊர்வலமாய்க் கொண்டு சென்று நல்லூரில் நிறுவினர். இரண்டும் ஒரே நாட்டில், ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்தன.

ஆயினும் நாவலர் கையாலேயே இதற்கு மறுப்பும் எழுதப்பட்டிருக்கிறது. 1852இல் அவர் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். புராணம் படிக்கும் இடத்திற் புகவொட்டாதவரும் எழுத்தறிந்தால் தாமே படித்துக்கொள்ளுமாறு அந்நூல் ஊரெங்கும் பரவிற்று. திருநீலநக்க நாயனார் சரித்திரத்தை அதிலே பாருங்கள். திருஞானசம்பந்தப் பிள்ளையார் சாத்தமங்கைக்கு எழுந்தருள்கின்றார். உடன் வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும். அவர்களுக்கு இடந்தருக என்று பிள்ளையார் பணிக்க, அந்தணராகிய நீலநக்கர் தம் மனையின் நடுவே, வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் அருகே அவர்களுக்கு இடம் கொடுக்கின்றார். தீ அவியவில்லை, வலஞ்சுழித்து மேலோங்கி எரிந்தது. தில்லையிலே திருநாளைப்போவார் தீயிற் புக வேண்டியிருந்தது என்பதையே மேடைகளில் உருக்கமாகச் சொல்கின்றோம். சாத்தமங்கையில் பாணர் எத்தீயிலும் புகவில்லை. அவர் வந்ததற்காகத் தீயே மகிழ்ந்து எழுந்தது. இதனை அத்துணை உருக்கமாகச் சொல்வோர் குறைவு. யாமும் அவர்களுள் ஒருவராய் இருந்தோம்.

ஒரு வரியும் விடாது இச்சரித்திரத்தை வசனமாக்கியவர் சாத்தமங்கைத் தீயின் அருகே சற்று நின்றிருந்தால் பால பாடம் வேறு வகையாய் அமைந்திருக்குமே என்று எண்ணுகிறோம். இவ்வாறு எண்ணுதல் குருத்துரோகம் என்று எம்மிடம் சொன்னவர்களும் உண்டு. குற்றம் கண்டவிடத்து நல்லூர்க் கோயிலையும் விடாதவருடைய மாணவ பரம்பரையினர் யாம். அவரிடம் கற்ற பாடத்தை அவரிடத்தும் செலுத்துவது துரோகமாகாது.

அடுத்த ஆண்டு அதே ஊர்த் திருவிழாவுக்கு அழைத்தார்கள். முன்வரிசைக்குச் சற்றுப் பின்னே அவ்விளைஞர் இருந்தார். பிரசங்கத்தைத் தொடங்குவதற்கு முன்பே அவருடைய வினாவைச் சபைக்குச் சொல்லி, “இடம் கிடைத்திருக்காது” என்று விடை கூறினோம். சபையிலே சிறு சலசலப்பு எழுந்தது. இருவர் எழுந்து போயினர். அதன்பின் திருநீலநக்கர் சரித்திரத்தை, நாவலர் பெருமான் எழுதிய வசனத்தைக் கையிற் கொண்டே, முழுவதும் சொன்னோம்.