சீதை ஏன் தீக்குளித்தாள்? – பழங்கதையும் கேட்போர் மரபும்

சென்ற ஆண்டு, நாம் கற்பிக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலே இராமாயணக் கதையைச் சொல்லி முடித்தவேளை, பதின்மூன்று வயதுப் பிள்ளையொன்று எழுந்தது. "சேர், சீதை ஒரு பிழையும் செய்யேல்லைத்தானே? பிறகேன் அவ நெருப்பிலை இறங்கினவ?" என்று கேட்டது. நாம் மறுமொழி கூறுமுன்னரே, பின்வரிசையில் அமர்ந்திருந்த தகப்பனார், "சாமிக் கதையிலை கேள்வி கேக்கக்கூடாது, பிள்ளை" என்று அதட்டினார். பிள்ளை அமர்ந்துவிட்டது. நாமும் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டோம். மறுவாரம் அப்பிள்ளை வகுப்புக்கு வரவில்லை; அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஊரிலே பல ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த எமக்கு, அன்று மௌனமாயிருந்தது பெருந்தவறாகவே படுகின்றது. ஏனெனில், பழங்கதையைக் கேட்டவர் அதைப்பற்றி வினவுவது எமது மரபுக்குப் புறம்பானதன்று. அம்மரபின் உயிரே அதுதான்.

அவையும் தடையும்

முற்காலத்திலே நூலொன்று நூலாக ஏற்கப்படுவதற்கு அரங்கேற்றம் வேண்டும். அறிந்தோர் கூடிய அவையிலே ஆசிரியர் தமது நூலைப் படித்து, எழுப்பப்படும் தடைகளுக்கு விடை கூறவேண்டும். கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்திலே கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற் சொல்லின் புணர்ச்சிக்கே ஒருவர் தடை எழுப்பினார் என்றும், அதற்கு இலக்கண விதி காட்டப்பெற்ற பின்னரே அவை அமைதியுற்றது என்றும் கதை வழங்குகின்றது. கம்பருக்குத் திருவரங்கத்திலே இரணியன் வதைப் படலம் குறித்துத் தடை எழுந்தது என்பர். இவை செவிவழிச் செய்திகளே. ஆயினும், வினா எழுப்பாத அவையை எம் முன்னோர் மதித்திலர் என்பதற்கு இவை சான்றாகும்.

கம்பர்தாமும் பழங்கதையைப் புதிதாய்ச் சொன்னவரே. வான்மீகத்திலே இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கின்றான். கம்பரோ அவள் இருந்த நிலத்தையும் பன்னசாலையையும் சேர்த்தே பெயர்த்தெடுக்கச் செய்கின்றார். தமிழ் கேட்போரின் உள்ளம் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பயன் சொல்லிய திண்ணைகள்

யாழ்ப்பாணத்திலே இம்மரபு புராண படனமாக வளர்ந்தது. கோயில் மண்டபத்திலே ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். கந்தபுராணம், பெரியபுராணம், திருவிளையாடற்புராணம், மார்கழித் திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணம் என ஆண்டு முழுவதும் ஏதோவொரு புராணம் ஒலிக்கும். எழுத்தறியா முதியவரும் முழுப் படலத்தின் பொருளை அறிந்திருந்தமை இதனாலேயே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணப் பண்பாட்டைக் 'கந்தபுராண கலாசாரம்' என அழைத்தமை மிகையன்று.

சிறுவயதிலே நாம் கண்ட காட்சியொன்றை இங்கு கூறவேண்டும். படனம் முடிந்து, சுண்டல் வாங்கிய பின்னர், பெரியவர்கள் கோயிற் திண்ணையை விட்டு எழமாட்டார்கள். சூரபன்மன் செய்த தவத்துக்குச் சிவன் கொடுத்த வரம் முறையா, வரம் கொடுத்தவரே அவனை அழிக்கப் பிள்ளையை அனுப்பலாமா என்று வாதம் நடக்கும். சூரனுக்காகப் பரிந்து பேசும் கிழவர் ஒருவரும் எப்போதும் இருப்பார். அவரை எவரும் நாத்திகர் என்றதில்லை.

மட்டக்களப்புப் பிரதேசத்திலே திரௌபதை அம்மன் கோயில்கள் பாரதக் கதையை இன்னுமொரு படி மேலே கொண்டுசென்றன. பாண்டிருப்பிலே வனவாசமும் தீமிதிப்பும் சடங்காகவே நிகழும். அங்கு கதையைக் கேட்பவர் அதனுள்ளே நடந்து செல்கின்றார்.

நாவலர் பெருமான் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டார். செய்யுளை வசனமாக்குவதும் மறுகூறலே என்பதை நாம் மறத்தலாகாது.

1943இல் அகலிகை கேட்ட கேள்வி

எமது வகுப்பிலே அப்பிள்ளை கேட்டது புதிய கேள்வியுமன்று. 1943இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதையைக் கலைமகளிலே எழுதினார். வான்மீகத்தில் அகலிகை கல்லாவதில்லை; எவர் கண்ணுக்கும் தோன்றாது சாம்பலிற் கிடக்கின்றாள். கம்பர் அவளைக் கல்லாக்கினார். புதுமைப்பித்தனோ, சாபம் நீங்கிய பின்னர் அவள் எவ்வாறு வாழ்ந்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தார். காட்டிலிருந்து மீண்ட சீதை தான் தீக்குளித்த செய்தியை அகலிகைக்குக் கூறுகின்றாள். தன்னை மன்னித்த இராமனா அவ்வாறு கேட்டான் என்று அகலிகை துடிக்கின்றாள். அவளுக்கு ஒரு நீதி, இவளுக்கு ஒரு நீதியா? இறுதியில் அவள் மீண்டும் கல்லாகின்றாள்.

அதே 1943இல் சென்னையிலும் சேலத்திலும் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்கலாமா என்று அண்ணாதுரை ஒருபுறமும், ரா. பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர் மறுபுறமும் மேடையேறி வாதிட்டனர். கடுமையான வாதம், ஆயினும் ஒரே மேடையில், ஒருவர் பேசியதை மற்றவர் கேட்டிருந்து நடந்த வாதம். இதற்கு மாறாகப் புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட 'இராவண காவியம்' 1948இல் சென்னை அரசாங்கத்தாலே தடைசெய்யப்பட்டது. 1971இலேதான் தடை நீங்கிற்று. தடையினால் அந்நூல் மறைந்துவிடவில்லை.

எமது நாட்டிலே, 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' அவற்றுள் ஒன்று. அரக்கனாக மட்டும் காட்டப்பட்டவன் அங்கே வீழ்ச்சியுறும் மானவீரனாக ஆடினான்.

இன்று

நாம் வாய் மூடினாற் பிள்ளைகள் வாசிப்பதை விட்டுவிடுவதில்லை. கிரேக்கத் தெய்வங்களின் மக்கள் அமெரிக்கப் பள்ளிக்கூடத்திற் படிப்பதாக ரிக் ரியோர்டன் எழுதிய நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்து வாசிக்கின்றனர். சீதையே தன் கதையைச் சொல்வதாகச் சித்ரா பானர்ஜி திவாகருணி 2019இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலும் அதே நூலகத்தில் உண்டு. அவற்றை வாசிப்பதிற் குற்றமில்லை. ஆனால், தன் வீட்டிற் கேட்க முடியாத கேள்விக்குப் பிறமொழியிலே மட்டும் விடை தேடும் பிள்ளை, நாளடைவில் அக்கேள்வியைத் தமிழிற் கேட்கவே மறந்துவிடும். ஊரையும் கோயிலையும் இழந்துவந்த எமக்கு இவ்விழப்பும் வேண்டுமா?

சென்ற மாதம் நாம் அப்பிள்ளையின் வீட்டுக்குச் சென்று, தகப்பனாரிடம் 'சாபவிமோசனம்' கதையைக் கொடுத்து வந்தோம். நான்கு நாட்களின் பின்னர் அவர் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்ரர், இந்தக் கதையை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். இராமன் ஊருக்காகத்தான் அப்பிடிச் செய்தவர். மகள் இல்லையெண்டு நிக்கிறா. இரவு பதினொரு மணி மட்டும் ஒரே வாதம்" என்றார். சனிக்கிழமை தந்தையும் மகளும் வகுப்புக்கு வந்தனர். வாதம் இன்னும் முடியவில்லை.

கோயிற் திண்ணை எம்மோடு கப்பலேறி வரவில்லை. ஆயினும், இரவுச் சாப்பாட்டின் பின்னர் ஒரு படலத்தை வாசித்து, பிள்ளை என்ன நினைக்கின்றது என்று கேட்பதற்குத் திண்ணை தேவையில்லை. பெற்றோரே, பயன் சொல்லுங்கள். பிள்ளைகள் தடை எழுப்பட்டும்.