ஒரு துண்டுச் சீட்டும் 19 பில்லியன் டாலரும்

மக்களே, இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ஒரு கொசுவத்தி சுத்தலாம்னு இருக்கேன்.

ஆரம்பிச்சு வச்சது எங்கம்மா. "ஸ்டேட்டஸ் பாக்குறப்ப நடுவுல என்னவோ விளம்பரம் வருதுடா. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"ன்னு போன்ல கேட்டாங்க. "அப்புறம் சொல்றேம்மா"ன்னு வச்சுட்டேன். அந்த 'அப்புறம்' இதுதான்.

யாஹூவுல கிட்டத்தட்ட பத்து வருஷம் பொட்டி தட்டின ரெண்டு பேர், பிரையன் ஆக்டனும் யான் கூமும். 2007-ல ரெண்டு பேரும் வேலையை விட்டாங்க. ஆக்டன் அங்கே விளம்பரம் சம்பந்தப்பட்ட வேலைதான் பார்த்தவர், அது போதும் போதும்னு ஆகிடுச்சு அவருக்கு. கூம் கதை வேற. உக்ரைன்ல பிறந்து, 16 வயசுல அம்மாவோட அமெரிக்கா வந்தவர். அரசாங்கம் ஒட்டுக்கேக்கும்னு போன்ல பேசவே பயப்படுற ஊர்ல வளர்ந்தவர்.

2009-ல ஆக்டன் ஃபேஸ்புக்ல வேலை கேட்டார், கிடைக்கல. அதே வருஷம் கூம் வாட்ஸப்பை ஆரம்பிச்சார், ஆக்டனும் வந்து சேர்ந்துக்கிட்டார். கூமோட மேஜையில ஆக்டன் கையால எழுதி ஒட்டின ஒரு துண்டுச் சீட்டு இருந்துச்சாம். விளம்பரம் கிடையாது, விளையாட்டு கிடையாது, ஜிகினா வேலை கிடையாது. அவ்வளவுதான் விஷயம். காசுக்கு என்ன வழி? வருஷத்துக்கு ஒரு டாலர்.

2014 பிப்ரவரியில, வேலை தராத அதே ஃபேஸ்புக் 19 பில்லியன் டாலருக்கு வாட்ஸப்பை வாங்குறதா அறிவிச்சுது. அப்போ மாசம் 45 கோடிப் பேர் பயன்படுத்தினாங்க, கம்பெனியில இருந்தது சுமார் 55 பேர். சின்ன வயசுல உணவுக் கூப்பனுக்காக க்யூவுல நின்ன பழைய அலுவலகக் கட்டிடத்துக்குப் போய், அந்தக் கதவுல வச்சு கூம் கையெழுத்து போட்டார். சினிமா எடுத்தா இங்கதான் சுபம் போடுவாங்க.

ஆனா கதை அங்கதான் ஆரம்பிக்குது. 2016 ஜனவரியில அந்த ஒரு டாலரை எடுத்துட்டாங்க. நாமளும் சந்தோஷப்பட்டோம். காசு வேற எங்கிருந்து வரும்னு யோசிக்கல. ஆகஸ்ட்லயே பதில் வந்துடுச்சு, நம்ம போன் நம்பரை ஃபேஸ்புக்கோட பகிர்ந்துக்கற புதுக் கொள்கையா. ரெண்டு பக்கக் கணக்குகளையும் தானா பொருத்திப் பாக்க முடியாதுன்னு 2014-ல ஐரோப்பிய ஆணையத்துக்கிட்ட ஃபேஸ்புக் சொல்லியிருந்துச்சு. அந்த வழி அப்பவே இருந்தது தெரியவந்து, 2017 மே மாசம் 11 கோடி யூரோ அபராதம் போட்டாங்க.

அதே வருஷம் ஆக்டன் கிளம்பிட்டார், சுமார் 850 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகளை அப்படியே விட்டுட்டு. பயனர்களோட அந்தரங்கத்தை நான் வித்துட்டேன்னு 2018-ல ஒரு பேட்டியில அவரே ஒத்துக்கிட்டார். கூமும் அந்த வருஷமே வெளியேறுறதா அறிவிச்சார். 2025 ஜூன்ல ஸ்டேட்டஸ் பகுதியில விளம்பரம் வரும்னு அறிவிப்பு வந்துச்சு. சீட்டோட முதல் வரி காலி.

ஆனா ஒண்ணு மிச்சம் இருக்கு. 2016 ஏப்ரல்ல எல்லா மெசேஜுக்கும் முழுக் குறியாக்கம் கொண்டு வந்தாங்க. அனுப்புற போன்ல பூட்டினா வாங்குற போன்லதான் திறக்கும், நடுவுல இருக்கிற சர்வர்கிட்ட சாவி கிடையாது. யாரு யாரோட எப்போ பேசினாங்கறதை அது மறைக்காதுதான். ஆனா என்ன பேசினாங்கறதை மறைக்கும். அதுக்கான நெறிமுறையைத் தந்தது சிக்னல் செயலியை உருவாக்கின குழு. ஆக்டன் 2018-ல அந்த சிக்னலுக்கே 50 மில்லியன் டாலர் தந்து, ஒரு அறக்கட்டளையைத் தொடங்க உதவினார்.

இது ஏன் எனக்கு உறைக்குதுன்னா... நான் முன்னாடி இருந்த ஒரு சின்ன கம்பெனியில, "உங்கள் தகவலை யாருக்கும் தரமாட்டோம்"னு முகப்புப் பக்கத்துல ஒரு வரியை நான்தான் போட்டேன். கம்பெனி கைமாறிச்சு. அந்த வரியை எடுக்கச் சொல்லி டிக்கெட்டும் எனக்கே வந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை. எடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

காகிதத்துல எழுதின வாக்கை எடுக்க ரெண்டு நிமிஷம் போதும். நிரல்ல பூட்டு போட்டு, சாவியை நாமளே வச்சுக்காம விட்டிருந்தா அது அவ்வளவு சுலபமில்ல. அதையும் ஒருநாள் மாத்தலாம்தான், ஆனா சத்தமில்லாம மாத்த முடியாது. நல்லவங்க ஆரம்பிச்ச கம்பெனியான்னு பாக்குறதை விட, அவங்க போன பிறகும் எது நிக்கும்னு பாக்கணும் போல.

நேத்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "நீங்க எதையும் தப்பா அமுக்கலம்மா. 2014-லயே வேற ஒருத்தர் அமுக்கிட்டார்."

உங்க கையால எடுத்த வரி ஏதாவது இருக்கா மக்களே?