தோல் உள்ளே, நந்தன் வெளியே

புரட்டாசி ரோகிணியில் நந்தனார் குருபூசை. நாம் சிறுவயதில் கேட்ட கதையில் கொடுமைக்காரப் பண்ணையார் ஒருவர் வருவார். அவரைச் சேர்த்தவர் 19ஆம் நூற்றாண்டுக் கோபாலகிருஷ்ண பாரதி. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் அவர் இல்லை.

சேக்கிழார் காட்டும் ஆதனூர் நந்தன், கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். அவை உள்ளே போயின. அவர் வாயிலில் நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியது, தடை விலகவில்லை. (விலகிய நந்தியை இன்றும் பெருமையாகக் காட்டுகிறார்கள்!)

தில்லையில் தீ வளர்த்தவர்கள் அந்தணர்கள். இறைவன் கனவில் இட்ட ஆணையாம். தீயிலிருந்து எழுந்த நந்தன் மார்பில் பூணூல். நந்தன் நந்தனாகவே நுழையப் புராணத்தில் வழியில்லை.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட நம்மவர்கள் நுழைந்தார்கள், தீக்குளிக்காமல், பூணூல் இல்லாமல்.