கேட்காத கேள்வி

டேட்டாபேஸில் ஒரு தகவலுக்கு இடமே வைக்கவில்லை என்றால் அதை எப்படித் தேடினாலும் கிடைக்காது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். இந்தியாவில் 1981இல் மாற்றுத்திறனாளிகள் பற்றிக் கேட்டார்கள். 1991இல் அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான் 1995 சட்டம் வந்தது. வறுமை ஒழிப்புத் திட்டங்களில் குறைந்தது 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்றது. நல்ல விஷயம்தான். ஆனா ஊர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னே தெரியாம, யார் விடுபட்டாங்கன்னு யாரைக் கேட்க?

சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஜாவேத் அபிதி, 2001 கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியைத் திரும்பச் சேர்க்கப் போராடினார். சேர்த்தார்கள். 2.19 கோடிப் பேர் கணக்கில் வந்தார்கள். 2011இல் அது 2.68 கோடி.

2016 சட்டம் அந்த 3 சதவீதத்தை 5 ஆக்கி, 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. தலசீமியா, அமிலவீச்சுப் பாதிப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அப்போது கையில் இருந்தது 2011 கணக்கு. அதில் இவர்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது. ‘மற்றவை’ என்று ஒன்றுதான் இருந்தது.

சட்டம் பெயர் சொல்லி அழைத்தவர்களைக் கணக்கு இன்னும் ‘மற்றவை’ என்றே வைத்திருந்தது. 5 சதவீதம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதற்கு முன்னால், அவர்களை எண்ணினோமா என்று கேட்க வேண்டும்.