இன்கா நெடுஞ்சாலையும் கோப்பகபானா அன்னையும்

கொலம்பியாவின் தென் பகுதியிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை ஆந்தீஸ் மலைகளின் மீது ஒரு பழைய சாலை செல்கிறது. கெச்சுவா மொழியில் அதன் பெயர் ‘கப்பாக் ஞான்’. 15-ஆம் நூற்றாண்டில் இன்கா வேந்தர்கள், தமக்கு முன்பிருந்தோரின் பாதைகளையும் இணைத்து, ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீளச் சாலைகளாக விரித்தனர். சக்கர வண்டியையும் குதிரையையும் அறியாத மக்கள் அவர்கள். செங்குத்தான சரிவுகளில் கற்படிகள், பள்ளத்தாக்குகளின் மீது புல் திரித்த கயிற்றுப் பாலங்கள், வழிநெடுக ‘தம்போ’ எனும் சத்திரங்கள், முடிச்சிட்ட கயிறுகளில் கணக்குகளை ஏந்தி ஓடிய அஞ்சலோட்டக்காரர்கள் என அச்சாலை ஒரு பேரரசையே பிணைத்து வைத்திருந்தது. 2014-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை ஆறு நாடுகளுக்குப் பொதுவான உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பெருவின் குஸ்கோ நகரிலிருந்து பொலிவியாவின் கோப்பகபானா வரை, இச்சாலையின் தென்கிளையை ஒட்டி இன்று பேருந்துகள் ஓடுகின்றன. அவ்வழியே செல்வோர் இன்காக்களின் மரபோடு, திருச்சபை வரலாற்றின் துயரமான பக்கம் ஒன்றையும் ஆறுதலான பக்கம் ஒன்றையும் சேர்த்தே காண்பர்.

துயரம் வடக்கே தொடங்கியது. 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்கா நகரில், பிசாரோவின் படையோடு வந்த தொமினிக்கன் துறவி விசெந்தே தே வல்வெர்தே, இன்கா வேந்தர் அத்தவால்பாவின் கையில் ஒரு நூலைக் கொடுத்தார். அது விவிலியம் என்பர் சிலர். செபநூல் என்பர் வேறு சிலர். எழுத்தறியாத வேந்தர் அதனைப் புரட்டிப் பார்த்துக் கீழே எறிந்தார். அதுவே சாக்காயிற்று. பீரங்கிகள் முழங்கின. வேந்தர் சிறைப்பட்டார். அறை நிறையப் பொன்னை மீட்புப்பொருளாகக் கொடுத்தும் உயிர் தப்பவில்லை. 1533-இல், தீயிலிட்டுக் கொல்லப்படுவதற்குப் பதில் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாவதற்காக, அவர் திருமுழுக்குப் பெற்றார். ஓர் அருளடையாளத்திற்கு இதனினும் பெரிய அவமதிப்பு உண்டோ?

அதே ஆண்டு படையினர் இன்காக்களின் சாலை வழியாகவே குஸ்கோவை அடைந்தனர். கொரிகாஞ்சா எனும் கதிரவன் கோயிலின் பொற்தகடுகள் பெயர்க்கப்பட்டன. அதன் சுவர்களின் மீது தொமினிக்கன் மடம் எழுந்தது. 1950-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் மடத்தின் பெரும்பகுதி சரிந்தது. சாந்து பூசாமல் இழைத்துப் பொருத்திய இன்காக் கற்சுவர்கள் உள்ளிருந்து அசையாமல் வெளிப்பட்டன. ஒரு மக்களின் வழிபாட்டிடத்தை மூடி மறைத்துக் கட்டிய வரலாறு, அன்று எல்லார் கண்களுக்கும் தெரிந்தது.

குஸ்கோவிலிருந்து தெற்கே சென்றால், விரகோச்சா தெய்வத்திற்கு எழுப்பிய ரக்சி கோயிலின் உயர்ந்த மண்சுவர் இன்னும் நிற்கிறது. ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்திலுள்ள லா ராயா கணவாயைக் கடந்தால், வெட்டவெளியான பீடபூமியும் டிட்டிகாக்கா ஏரியும் விரிகின்றன.

ஏரிக்கரையில் ஹூலி என்ற சிற்றூர் உள்ளது. இங்கே வரலாறு வேறு முகம் காட்டுகிறது. 1576 முதல் இங்கு பணியாற்றிய இயேசு சபையார் மக்களின் மொழியைக் கற்றனர். அவர்களுள் லுதோவிக்கோ பெர்த்தோனியோ தொகுத்த அய்மாரா அகராதி 1612-இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே லீமாவின் பேராயர் புனித தொரிபியோ கூட்டிய சங்கத்தின் முடிவின்படி, 1584-இல் ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா ஆகிய மும்மொழிகளில் ஞானோபதேச நூல் அச்சாயிற்று. தென் அமெரிக்காவில் அச்சேறிய முதல் நூல் அதுவே. புரியாத நூலை எறிந்தான் என்று ஒரு வேந்தனைத் தண்டித்த நாட்டில், புரியும் மொழியில் நூல் தர அரை நூற்றாண்டு சென்றது.

ஏரிக்கரையை ஒட்டி எல்லையைக் கடந்தால், சில கிலோமீட்டரில் கோப்பகபானா. எதிரே நீரில் தெரிவது, இன்காக்கள் தம் குலத்தின் பிறப்பிடமாகப் போற்றிய கதிரவன் தீவு. இவ்வூரில் வாழ்ந்தவர் இன்கா அரச மரபினரான பிரான்சிஸ்கோ தித்தோ யுபாங்கி. அன்னை மரியாவின் உருவத்தைத் தம் கையால் செய்ய வேண்டுமென்பது அவரது ஆவல். முதலில் செய்த களிமண் உருவம் அழகற்றது என்று பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. அவர் மனம் தளராது பொத்தோசி நகரம் சென்று சிற்பத் தொழில் கற்றார். ஆயரிடம் அனுமதி வேண்டியபோது எள்ளி நகையாடப்பட்டதாக அவரே எழுதிய குறிப்பு கூறுகிறது. எனினும் 1583 பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளன்று, அவர் செதுக்கிய திருவுருவம் கோப்பகபானாவில் நிறுவப்பட்டது. இன்று அவ்வன்னை பொலிவியாவின் பாதுகாவலி. பிரேசிலின் புகழ்பெற்ற கோப்பகபானா கடற்கரையும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

நற்செய்தி ஆந்தீஸ் மலைகளில் எப்போது வேரூன்றியது? வல்வெர்தே நூலை நீட்டியபோதா, யுபாங்கி உளியை எடுத்தபோதா? முன்னவர் பின்னாளில் குஸ்கோவின் முதல் ஆயரானார். பின்னவரோ எளிய பொதுநிலையினர். ஆயினும் மக்கள் முழந்தாளிடுவது யுபாங்கியின் கைவேலைக்கு முன்பாகவே.

இதனால் பழைய காயம் ஆறிவிட்டது என்று கூறுவதற்கில்லை. 1985-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெரு நாட்டிற்குச் சென்றபோது, பூர்வகுடி இயக்கத்தினர் சிலர், விவிலியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு அவருக்கு மடல் விடுத்தனர். 2015-இல் பொலிவியாவில் திருத்தந்தை பிரான்சிஸ், வெற்றிப் போர்களின் காலத்தில் பூர்வகுடி மக்களுக்கு இழைக்கப்பட்ட குற்றங்களுக்காகத் தாழ்மையுடன் மன்னிப்பு வேண்டினார்.

மன்னிப்பு வேண்டுவதோடு கடமை முடிவதில்லை. நம் பங்குகளிலும் தம் மொழியில், தம் கையால், தம் பாணியில் இறைவனைப் போற்ற விழையும் எளியோர் உள்ளனர். ‘இது உன்னால் ஆகாது’ என்று அவர்களிடம் சொல்லுமுன், பீடத்திலிருந்து அகற்றப்பட்ட அந்தக் களிமண் உருவத்தை நாம் நினைத்துக்கொள்வோம்.