நம் கல்லறைத் தோட்டத்தில் இல்லாதவர்கள்



யூபிலி மலர் என்றால் ஆலயம் எழுப்பியவர்கள், மணி வாங்கித் தந்தவர்கள், பணியாற்றிச் சென்ற குருக்கள், கன்னியர்கள் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறுவது வழக்கம். ஆனால் எந்தப் பட்டியலிலும் சேராத ஒரு கூட்டம் நம் குடும்பங்களில் உண்டு. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்களே அவர்கள். அவர்களைப் பற்றிய சில வரலாற்றுச் செய்திகளையும், இறுதியில் ஒரு வேண்டுகோளையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பழைய பதிவேடுகளைப் புரட்டும்போதுதான் இந்த எண்ணம் எழுந்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று ஒவ்வொரு பங்கிலும் பதிவேடுகள் உண்டு. ஒருவர் பெயர் முதல் ஏட்டில் இருக்கும். இரண்டாம் ஏட்டிலும் இருக்கும். மூன்றாம் ஏட்டில் எத்தனை பக்கம் தேடினாலும் கிடைக்காது. அவர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருக்கலாம். அல்லது பஸ்ராவின் மணலிலோ, மலேயாவின் காட்டிலோ, இத்தாலியின் மலைச்சரிவிலோ மாண்டிருக்கலாம். அந்த வெற்றிடத்துக்குப் பின்னால் ஒரு தாயோ மனைவியோ காத்திருந்த காலம் இருக்கிறது.

போர் கண்ட பூமி

திருவண்ணாமலை என்றதும் மலையும் தீபமும் கிரிவலமும் நினைவுக்கு வரும். இது போர் கண்ட ஊரும் ஆகும். 1767 செப்டம்பரில், ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து நடத்திய படையை, கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கீழிருந்த கும்பெனிப் படை முதலில் செங்கத்திலும் பின்னர் திருவண்ணாமலையிலும் எதிர்த்து நின்றது. இருபுறமும் வெட்டுண்டு விழுந்தவர்களில் மிகுதியானோர் இந்த நாட்டுச் சிப்பாய்களே. தளபதிகளின் பெயர் சரித்திரத்தில் நின்றது; சிப்பாயின் பெயர் நிற்கவில்லை.

அதற்கு முன்பே, 1751இல் ஆற்காட்டுக் கோட்டையை ராபர்ட் கிளைவ் பிடித்துக் காத்தபோது அவரோடு இருந்தவர்கள் சுமார் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் ஆவர். முற்றுகையில் அரிசி குறைந்தபோது, சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைத் தாங்கள் குடித்தார்கள் சிப்பாய்கள் என்றொரு கதை வழங்குகிறது. அதே மண்ணின் சிப்பாய்கள்தான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தார்கள். பணிவும் வீரமும் இரண்டுமே இம்மண்ணின் குணம் எனலாம்.

1857க்குப் பிறகு ஆங்கிலேயரின் எண்ணம் மாறியது. வடமேற்கு நாட்டவரே போர்க்குணம் உள்ள இனத்தவர் என்று சொல்லி, தமிழரைப் படையில் சேர்ப்பதைக் குறைத்தார்கள். 1920களின் இறுதிக்குள் பழைய மதராஸ் காலாட்படைகள் கலைக்கப்பட்டன. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவற்றில் பேர்பெற்ற, பெங்களூரில் தலைமையிடம் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படை மட்டும் நிலைத்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆள் தேவைப்பட்டதும், போர்க்குணம் இல்லை என்று ஒதுக்கப்பட்ட அதே தமிழரைத் தேடி ஆள் எடுப்பவர்கள் வந்தார்கள். மதராஸ் ரெஜிமென்ட் மறுபடியும் உருவாக்கப்பட்டது.

நம் ஊர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989 செப்டம்பர் 30 அன்றுதான் தனி மாவட்டமானது. வட ஆற்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய கிராமங்கள் பல. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் வழக்கம் உண்டு.

அவர்கள் ஏன் போனார்கள்? அரசர் மேல் கொண்ட பக்தியால் என்று சொல்வது பொருந்தாது. ஏரி வற்றினால் கூழுக்கும் வழியில்லாத வீடுகளிலிருந்து, மாதச் சம்பளத்துக்காகவும் மூன்று வேளைச் சோற்றுக்காகவும் போனவர்களே பலர். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்க அனுமதிக்கப்படாத மக்களின் பிள்ளைகளுக்குப் பட்டாளம் பூட்ஸ் கொடுத்தது. விடுமுறைக்கு வந்த அவர்கள் அந்தப் பூட்ஸோடு நடந்தார்கள். அந்தச் சத்தம் பல கிராமங்களில் ஒரு மாற்றத்தின் தொடக்கமாக இருந்தது.

எண்ணாகிப்போன மனிதர்

முதல் உலகப் போரில் கடல் கடந்தும் எல்லைகளிலும் பணிசெய்த இந்தியர் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இறந்தவர் ஏறத்தாழ 74,000 பேர். இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்தவர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். இறந்தவர் ஏறத்தாழ 87,000 பேர்.

முதல் போர் முடிந்தபின் மதராஸ் மாகாணத்துக் கிராமங்கள் பலவற்றில் சிறிய கல்வெட்டுகள் பதிக்கப்பட்டன. இவ்வூரிலிருந்து பெரும்போருக்குப் போனவர் இத்தனை பேர், அவர்களில் உயிர்நீத்தவர் இத்தனை பேர் என்று அவற்றில் எழுதியிருக்கும். இன்றும் சில ஊர்களில் அவற்றைக் காணலாம். கணக்கு இருக்கும், பெயர் இராது. ஆடுமாடுகளை எண்ணி எழுதுவதைப் போன்ற அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

இது கிராமத்தோடு நின்றுவிடவில்லை. ஈராக்கில் பஸ்ரா நகருக்கு வெளியே, மெசபடோமியப் போர்முனையில் மாண்ட 40,000க்கும் மேற்பட்டோருக்கு ஒரு பெரிய நினைவுச் சின்னம் உண்டு. அதில் ஆங்கிலேய வீரர் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்தார்கள். இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். மற்ற இந்திய வீரர்களுக்கு, படைப்பிரிவின் பெயரும் கீழே ஓர் எண்ணிக்கையும்தான். போர்க்களத்தில் சேர்ந்தே நின்றவர்களைச் சாவுக்குப் பின் பிரித்து வைத்தார்கள்.

போரில் இறந்தோரின் கல்லறைகளைப் பராமரிக்க 1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய மக்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்று அது கூறியது, மன்னிப்பும் கேட்டது. நூறாண்டு கழித்து வந்தாலும் உண்மை உண்மையே.

மேலான அன்பு

பெயர் நிலைத்த ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன் என்ற தமிழர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு இருந்தார். ஒரு வெடி வெடிக்கப்போவதை உணர்ந்ததும், உடனிருந்தவர்களைக் காக்க அதன்மேல் தம் உடலைப் போட்டு மூடினார். அவர் மாண்டார், மற்றவர் பிழைத்தனர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது வழங்கப்பட்டது. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும், கடைசி இரவுணவின்போது ஆண்டவர் எதை மேலான அன்பு என்று கற்பித்தாரோ, அதை அவர் ஒரு நொடியில் செய்து காட்டினார்.

சின்ன ஆயா ஏற்றிய மெழுகுவர்த்தி

இனி என் குடும்பத்துக் கதையைச் சொல்ல அனுமதியுங்கள். என் தாத்தாவின் தம்பி, ராணுவத்துக்கு உணவும் சரக்கும் கொண்டுசெல்லும் பிரிவில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்தார். மணமாகி ஓராண்டு முடியவில்லை. கப்பலில் மலேயாவுக்கு அனுப்பப்பட்டார்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பேரர் பார்க் என்ற மைதானத்தில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரைத் திரட்டி ஜப்பானியர் வசம் ஒப்படைத்தார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அதன் தலைமையை ஏற்றார். மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களும் திரளாகச் சேர்ந்தனர். சேர மறுத்த கைதிகளில் ஆயிரக்கணக்கானோர் நியூகினி போன்ற தீவுகளுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்டு, பசியிலும் நோயிலும் மடிந்தனர்.

எங்கள் சின்னத் தாத்தா எந்த வழியில் போனார் என்பதை யாரும் அறியார். காணவில்லை என்று முதலில் தகவல் வந்தது. போர் முடிந்தபின், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று ஒரு கடிதம் வந்தது. அவர் மனைவி, நாங்கள் சின்ன ஆயா என்று அழைத்தவர், அதை நம்பவில்லை. உடலைப் பார்க்காமல் எப்படி அழுவது என்று கேட்டாராம். பென்ஷன் தாளில் விதவை என்று எழுதியிருந்த இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வருவார். கழுத்தில் தாலி அப்படியே இருக்கும். அரிசிக்காக வைத்த கைநாட்டு அது, மனசு வைத்ததில்லை என்பார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டுக் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சின்ன ஆயாவுக்கென்று அங்கே கல்லறை கிடையாது. தோட்டத்தின் நடுவிலிருந்த பெரிய சிலுவையின் அடியில் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, அது உருகி முடியும் வரை உட்கார்ந்திருப்பார். யாருக்காக ஆயா என்று ஒருமுறை கேட்டேன். “போனவங்களுக்கு இல்லடா, வரவேண்டியவங்களுக்கு” என்றார். நான் இளங்குருமடத்தில் இருந்தபோது அவர் காலமானார். தாலியோடுதான் அடக்கம் செய்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், போர்க் கல்லறைகள் ஆணையம் தன் பதிவேடுகளைக் கணினியில் யாவரும் பார்க்கும்படி வைத்திருப்பதை அறிந்து, ஓர் இளைஞனின் உதவியோடு தேடினேன். சிங்கப்பூரில் கிராஞ்சி என்னுமிடத்தில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறித்த சுவர்கள் உள்ளன. அவற்றில் சின்னத் தாத்தாவின் பெயரும் இருந்தது. பதிவேட்டில் அவர் பெயருக்குக் கீழே இன்னாரின் மகன், இன்னாரின் கணவன், ஊர், வட ஆற்காடு என்று எழுதியிருந்தது. சின்ன ஆயாவின் பெயர் அது. ஆங்கில எழுத்தில் சற்றே சிதைந்திருந்தாலும் அவர் பெயரேதான். அவர் சிலுவையடியில் காத்திருந்த ஆண்டுகள் முழுவதும், கடலுக்கு அப்பால் ஓர் ஏட்டில் கணவனும் மனைவியும் அடுத்தடுத்த வரியில் இருந்திருக்கிறார்கள். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாமற்போனோம். அந்த ஆண்டு கல்லறைத் திருநாள் திருப்பலியில் இருவர் பெயரையும் சேர்த்து வாசித்தேன்.

எந்தப் படை என்று கேளாமல்

வெள்ளைக்காரனுக்காகச் சண்டையிட்டவனை ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. நேதாஜி பக்கம் போனவரைத் துரோகி என்று அன்று சொன்னவரும் உண்டு. 1972 முதல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் அளித்தபோது, இந்திய தேசிய ராணுவத்தினரும் அதில் சேர்க்கப்பட்டனர். சரித்திரம் தன் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். நம் கடமை வேறு.

மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், போரில் விழுந்த வீரர்களின் ஆடைக்குள் விலக்கப்பட்ட தாயத்துகள் இருக்கக் காண்கிறார் யூதா. அவர்களை வீசியெறிந்துவிட்டுப் போகவில்லை. வெள்ளிக்காசு திரட்டி எருசலேமுக்கு அனுப்பி, அவர்கள் பாவம் தீரப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்கிறார். குறையற்றவர்களுக்காக மட்டும் செபிப்பது என்றால், நமக்காக யார் செபிப்பார்?

விடுதலைக்குப் பின் நடந்த போர்களில் இறந்தோரின் பெயர்கள், 2019 பிப்ரவரி 25 அன்று டில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 25,942 என்ற அளவில் அப்போதே பொறிக்கப்பட்டன. அது நன்று. அதற்கு முந்திய இரு பெரும்போர்களில் போனவர்களை வீட்டார்தான் நினைவில் வைக்க வேண்டும். அவர்களை நேரில் கண்டவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். கண்டவர் சொல்லக் கேட்டவர்களே இன்று முதியோராக இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள்

ஆகவே, யூபிலி ஆண்டின் நினைவாகப் பங்கில் ஒரு புதிய ஏடு திறக்க எண்ணியிருக்கிறேன். உங்கள் குடும்பத்திலிருந்து படைக்குப் போனவர்களின் பெயர், தந்தை பெயர், ஊர், தெரிந்த செய்தி ஆகியவற்றை எழுதித் தாருங்கள். போய்த் திரும்பியவர்களின் பெயரும் வேண்டும். மற்ற சமயத்து உறவினர், அண்டை வீட்டார் பெயரானாலும் தயங்க வேண்டாம். டிரங்குப் பெட்டியின் அடியில் டிஸ்சார்ஜ் தாளோ பழைய படமோ கிடந்தால் கொண்டு வாருங்கள். முதல் போரின் வெள்ளிப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பிரிவும் பொறித்திருக்கும். எத்தனையோ பதக்கங்கள் கொலுசாக உருகிப் போயின. மிஞ்சியதையாவது விளிம்பைப் பாராமல் விற்றுவிடாதீர்கள். வீட்டில் பெரியவர் இருந்தால் இன்றிரவே அருகில் அமர்ந்து கேளுங்கள்.

வரும் நவம்பர் 2 அன்று, கல்லறைத் தோட்டத்தின் சிலுவையடியில் அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துச் செபிப்போம். ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயன், அவர்களை எண்ணிக்கையாக அல்ல, பெயராகவே அறிவார். நாமும் அவ்வாறே அறிவோமாக.

இறைப்பணியில் என்றும் உங்கள்,
பங்குத்தந்தை